வாசலில் வைத்த கஞ்சி

நோர்வேயில் என் பக்கத்து வீட்டுக்காரி பெரித், கோப்பி குடிக்க வரும்போது கதவு மணியை அடிப்பதில்லை. குசினி யன்னலுக்கு வெளியே பனிக்குள் நின்று, கையிலுள்ள சின்ன வெள்ளைப் பிளாஸ்டிக் துண்டை உயர்த்திக் காட்டுவாள். அதில் ஒற்றைக் கோடு மட்டும் தெரிந்தால் கொரோனா இல்லை, அவள் உள்ளே வரலாம். இது அரசாங்கம் போட்ட சட்டமல்ல, பெரித் போட்ட சட்டம். நாடே அந்த நோயை மறந்துவிட்ட பிறகும் தடிமன் பிடித்தால் அவள் அதை மீறுவதில்லை. ஹுர்திக்டெஸ்ட் என்று இங்கே சொல்லும் அந்த அவசரச் சோதனையை மாறிமாறிக் காட்டித்தான் எங்கள் சிநேகிதமே வளர்ந்தது. எங்கள் ஊரான சரவணையில் ஒரு வீட்டுக்குப் போவதென்றால் படலையில் நின்று ஒரு குரல் கொடுப்போம். நாய் குரைக்கும், யாராவது எட்டிப் பார்ப்பார்கள், அவ்வளவுதான். மூக்குக்குள் குச்சி விட்டுப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன் என்று அங்கே சொன்னால், சுகமில்லாதவள் என்று படலையோடு திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

மூன்று ஊசியும் போட்டுக்கொண்டு நெஞ்சை நிமிர்த்தித் திரிந்த எனக்கு, வேலை செய்யும் முதியோர் இல்லத்துச் சமையலறையில் அந்த வருத்தம் தொற்றியது. பெரித் சூப்பைக் கொண்டுவந்து என் கதவுப்பிடியில் தொங்கவிட்டு, ஓடிப்போய்த் தன் வாசலில் நின்று கையசைத்தாள். நன்றி சொன்னேன், ஆனால் மனம் சுருங்கித்தான் போனது. நான் எழும்பிய கையோடு அவளுக்கும் வந்தது. எனக்குத்தான் வந்து போய்விட்டதே, இனி என்ன பயம் என்று மிளகு ரசத்தோடு போய்த் தட்டினேன். கதவு திறக்கவில்லை. எனக்கு வந்து போய்விட்டது, ஒன்றும் செய்யாது என்று எனக்குத் தெரிந்த நோர்வேஜிய மொழியில் கத்தினேன். அவளுடைய வருத்தமெல்லாம் ஒரு வருத்தமா என்று நான் கேட்பதாக விளங்கிக்கொண்டு அவள் சில நாள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. ரசத்தை நானே குடித்தேன்.

இந்தத் துணிச்சல் எனக்கு எங்கிருந்து வந்ததென்று ஊர்க்காரருக்குச் சொல்லத் தேவையில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் கொப்புளிப்பான் வந்தால் அம்மாள் வந்திருக்கிறா என்போம். வாசலில் வேப்பிலை ஏறிவிடும், அயலவர் அந்தப் பக்கம் வரமாட்டார்கள். ஆனால் நோயாளியைத் தனியே விடும் வழக்கமும் இல்லை. அந்த வருத்தம் முன்பே வந்து போன ஒருவரைத் தேடிப் பிடித்து அறைக்குள் விடுவார்கள். எங்கள் வீட்டில் முதலில் எனக்குத்தான் வந்தது. எனக்குத் தலைக்குத் தண்ணீர் வார்த்து முடிக்க, அக்காவுக்கு வந்தது. அம்மா என் கையில் வேப்பங்கொத்தைத் தந்து அவள் பாய்க்குப் பக்கத்தில் இருத்திவிட்டார். அக்கா கொப்புளங்களின் அரிப்பும் கடியும் தாங்காமல் அழும்போது இலையால் தடவிவிடுவது என் வேலை. மிச்ச நேரமெல்லாம் இருவரும் சண்டை பிடித்தோம். சோதனை, ஊசி என்று எதுவும் தெரியாத காலத்திலும், வந்து போனவளுக்குத் திரும்ப வராது என்று எங்கள் சனத்துக்குத் தெரிந்திருந்தது. எல்லா வருத்தமும் அப்படியல்ல என்பதுதான் தெரிந்திருக்கவில்லை.

போன வருடம் ஊருக்குப் போக ஆயத்தமானபோது, இரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி எவ்வளவு இருக்கிறதென்று பார்த்துச் சொல்லும்படி டொக்டரிடம் கேட்டேன். அவர் பொறுமையான இளம்பெண். அந்தச் சோதனை, உடம்பு இந்தக் கிருமியையோ ஊசியையோ முன்பு கண்டிருக்கிறது என்று காட்டும், இனி வராது என்று உறுதி தராது என்றார். ஊசியும் போட்டு நோயும் வந்தவர்களுக்குத் திரும்ப வந்தாலும் கடுமையாகாமல் தப்ப வாய்ப்பு அதிகம், அதுவும் காலம் போகப்போகக் குறையும் என்றார். பிறகு, அந்த முடிவை வைத்து என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேட்டார். அக்காவுக்குச் சொல்ல என்றேன். அக்காவும் டொக்டரா என்றார். டொக்டருக்கும் மேலே என்பதை அந்த மொழியில் எப்படிச் சொல்வதென்று தெரியாமல் சிரித்துவிட்டு வந்தேன்.

சொக்லேட்டுக்கு இடம் காணாத அளவுக்குப் பெட்டியில் சோதனைப் பைகளை அடுக்கிக்கொண்டு சரவணைக்குப் போய் இறங்கினேன். அக்காவும் அத்தானும்தான் இப்போது எங்கள் வீட்டில் இருக்கிறார்கள், பிள்ளைகள் ஆளுக்கொரு நாட்டில். அக்காவுக்குச் சீனி வருத்தம், அத்தானுக்கு நெஞ்சில் ஒப்பரேஷன் செய்திருக்கிறது. நயினாதீவுத் திருவிழாவுக்குப் போனோம். நெருக்கியடித்த வள்ளத்தில் மாஸ்க் போட்டிருந்தவள் நான் ஒருத்திதான். எல்லாரும் பார்க்கிறார்கள், கழற்று என்று அக்கா என் தொடையில் நுள்ளிக்கொண்டே வந்தாள். திரும்பி வந்த சில நாளில் அவளுக்குக் காய்ச்சலும் இருமலும் பிடித்தன. என் பெட்டியிலிருந்த சோதனை இரண்டு கோடு காட்டியது. மருந்து தந்த ஊர் டொக்டர் மூச்சு முட்டினால் உடனே ஊர்காவற்றுறை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொன்னார்.

அக்காவை யார் பார்ப்பது என்று அந்த வீட்டில் யாரும் யோசிக்கவேயில்லை. அத்தான் என்னைப் பார்த்துச் சிரித்தார். "உமக்கு ஊசியும் போட்டாச்சு, வருத்தமும் வந்து போட்டுது. இரட்டைப் பூட்டெல்லே, பிறகென்ன பயம்?" என்றார். நோர்வே டொக்டர் பெண் சொன்னதையெல்லாம் எடுத்துச் சொன்னேன். எனக்குத் திரும்ப வரலாம், என்னிடமிருந்து உங்களுக்கு வந்தால் உங்கள் நெஞ்சு தாங்காது என்றேன். வெளிநாட்டில் இருப்பவர்களுக்குப் பயம் கூடுதல் என்றுவிட்டார். எனக்கோ அவரை நினைக்கத்தான் உண்மையாகவே பயமாக இருந்தது. அவரை விறாந்தையோடு நிற்கச் சொல்லிவிட்டு, பெரித்தின் வழியைப் பிடித்தேன். கஞ்சியை ஒரு முக்காலியில் அறை வாசலில் வைத்து, தட்டிவிட்டுத் தள்ளி நின்றேன். உள்ளேயிருந்து அக்காவின் குரல் வந்தது.

"நான் என்ன நாயே, வாசல்ல சாப்பாடு வைக்கிறதுக்கு?"

அது கோபம், சரியாகிவிடும் என்று நினைத்தேன். வெயில் ஏறிய பிறகு வந்து பார்த்தபோது கஞ்சியில் எறும்பு மொய்த்திருந்தது. கூப்பிட்டேன், பதில் சரியாக வரவில்லை. சீனிக்குளிசையை விடியவே போட்டுவிட்டு அவள் வெறும் வயிற்றில் கிடக்கிறாள், சீனி இறங்கியிருக்கும் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. கதவைத் தள்ளிக்கொண்டு ஓடினேன். வியர்வையில் உடம்பு நனைந்து, வாய் குழறி, யாரோ ஒருத்தியைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தாள். அவள் தலையை மடியில் தூக்கிவைத்து, சீனி கரைத்த தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பருக்கினேன். அவள் கண் தெளிந்து என்னை அடையாளம் கண்டதும் நான் விம்மி அழுதேன். "இப்பவாவது உள்ளுக்கு வந்தியே" என்றாள் அக்கா. அதன் பிறகு நான் அந்த அறையை விட்டு வெளியே போகவில்லை. மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு, யன்னலைத் திறந்துவைத்து அவளுக்குப் பக்கத்திலேயே படுத்தேன். அத்தான் சாப்பாட்டைக் கொண்டுவந்து முக்காலியில் வைத்துவிட்டுத் தள்ளி நிற்பார். புருஷன் வைத்தால் மட்டும் அக்காவுக்கு அது நாய்ச் சோறாகத் தெரியவில்லை.

அக்கா எழும்பினாள், நான் விழுந்தேன். காய்ச்சல் தொடங்கிய அன்று சோதனை ஒற்றைக் கோடு காட்டியதும் அத்தான் வெற்றிச் சிரிப்புச் சிரித்தார். இரண்டு நாள் கழித்து இரண்டாவது கோடு வர, இரட்டைப் பூட்டைப் பற்றிய பேச்சை அவர் அதோடு விட்டார். நல்லவேளை, அவருக்கு ஒன்றும் வரவில்லை. எனக்கும் முன்னையதைவிட லேசாகத்தான் இருந்தது, ஊசிக்குக் கொடுக்கவேண்டிய மதிப்பைக் கொடுக்கத்தான் வேண்டும். கட்டிலில் கிடந்தபடி, கஞ்சியை வாசலில் வைத்துவிட்டுப் போகும்படி அக்காவுக்கு உத்தரவு போட்டேன். அவள் கோப்பையோடு நேரே உள்ளே வந்து கட்டில் விளிம்பில் இருந்தாள்.

"இப்ப எனக்கும் வந்து போட்டுது. இனி என்னை ஆர் மறிக்கிறது?"

அது அப்படியில்லையக்கா, திரும்பவும் வரலாம் என்று தொடங்கினேன். அவள் காதில் வாங்கவில்லை. என் மாஸ்க்கைக் கீழே இழுத்து ஒரு கரண்டி கஞ்சியை ஊட்டினாள். விழுங்கிய கையோடு நான் அதை மேலே இழுத்துவிட்டேன். அவள் திரும்பவும் கீழே இழுத்தாள், நான் திரும்பவும் மேலே இழுத்தேன். கோப்பை வெறுமையாகும்வரைக்கும், எந்தப் பக்கம் நிற்பதென்று தெரியாமல் அந்தத் துணி என் நாடிக்கும் மூக்குக்கும் இடையில் ஏறி இறங்கிக்கொண்டேயிருந்தது.