கடதாசி எடுக்கப் போன பத்திராதிபர்

பேச்சுப் போட்டிகளில் மூன்றாம் இடம் என்பதை நான் அறிந்ததில்லை. இரண்டாம் இடத்தை ஒரேயொரு முறை அறிந்தேன். அதற்கும் நடுவரே பொறுப்பு. பத்து வயதுச் சிறுமியாய் அத்தனை பெருமையோடு நடமாடிய என்னிடம், ஆங்கிலப் படமொன்றுக்குத் தமிழில் கதை சொல்லும் பொறுப்பை வீட்டார் ஒப்படைத்ததில் வியப்பென்ன? எனக்கு ஆங்கிலம் தெரியாது என்பது ஒரு குறையாக எவருக்கும் தோன்றவில்லை. எனக்கு அறவே தோன்றவில்லை.

யாழ்ப்பாணத்து நீர்வேலியில் போரினால் மின்சாரம் நின்றுபோன காலம் அது. யாராவது ஜெனரேற்றரும் தொலைக்காட்சிப் பெட்டியும் வீடியோ டெக்கும் வாடகைக்கு எடுத்தால், அயலெல்லாம் பாயோடு வந்துவிடும். ஆங்கிலப் படமென்றால், ஒருவர் பெட்டியருகே நின்று கதை சொல்லியாக வேண்டும்.

அன்றைய படத்தைத் தேடிக் கொண்டுவந்தவர் சின்னம்மா. அதற்கொரு காரணம் இருந்தது. என் சித்தப்பா யாழ்ப்பாண நகரில் ஒரு பத்திரிகைக்குச் செய்தி எழுதிக்கொண்டிருந்தார். அச்சுத்தாள் வருவது தடைப்பட்டிருந்தமையால், அப்பத்திரிகை பள்ளிக் கொப்பிக்குரிய கோடிட்ட தாளில் வெளிவந்தது. செய்திகள் நீலக் கோடுகளின் மேல் மிதந்து வருவதுபோல் இருக்கும். ஒருநாள் சைக்கிளில் இருவர் வந்தார்கள். தேநீர் அருந்தினார்கள். குறித்த ஒரு செய்தியை எழுதாமல் விட்டால் எல்லோருக்கும் நல்லது என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். அன்றுதொட்டுச் சித்தப்பா வேலைக்குப் போகாமல் வாழைக்கு வாய்க்கால் வாய்க்காலாகத் தண்ணீர் மாறிக்கொண்டிருந்தார். வேலையை விட்டுவிட்டுக் கொழும்பிலுள்ள தன் தமையனிடம் போய்விடுவோம் என்பது சின்னம்மாவின் மன்றாட்டம். திங்கட்கிழமை முடிவு சொல்வதாகச் சித்தப்பா கூறியிருந்தார்.

அதற்கு முதல்நாள் ஞாயிறு. சாவகச்சேரியில் தன் அக்கா வீட்டில், ஆங்கிலம் தெரிந்த அத்தான் வரிக்கு வரி விளக்கக் கேட்டுப் பார்த்த படத்தைச் சின்னம்மா கேட்டு வாங்கி வந்தார்.

“குதிரைப் படந்தான், அக்கா. ஆனால் இதிலை ஒரு பேப்பர்காரன் வாறான். இவர் ஒருக்காப் பாக்கவேணும்,” என்று அம்மாவிடம் சொன்னார்.

சித்தப்பாவுக்கு ஆங்கிலம் நன்கு தெரியும். என் விளக்கம் ஏனையோருக்கே.

பிற்பகல். யன்னல்களைப் பச்சைப் போர்வைகளால் மூடியிருந்தார்கள். அவற்றினூடாக இறங்கிய வெயில் அறையைக் குளத்தின் அடியாக்கியது. மனிதர்கள் பாசியின் நிறத்தில் அமர்ந்திருந்தார்கள். வாழைகளுக்கிடையிலிருந்து ஜெனரேற்றரின் முனகல், கனவு காணும் ஒரு விலங்கின் மூச்சைப்போல வந்துகொண்டிருந்தது. பெட்டியிலோ, முடிவற்ற மணல்வெளி. தூசிக்குள்ளிருந்து பிறந்து தூசிக்குள்ளேயே கரையும் குதிரைகள். அதன் நடுவே ஒரு சின்னஞ்சிறு ஊர். அவ்வூரில் ஓர் அச்சுக்கூடம்; அங்கே பத்திரிகை நடத்தும் ஒரு பத்திராதிபர்.

பண்ணை முதலாளி ஒருவன் துப்பாக்கி ஏந்திய தன் ஆட்களை அங்கே அனுப்பினான். அவர்கள் ஈய எழுத்துகளைத் தெருவில் கொட்டினார்கள். பத்திராதிபரின் மனைவி முழந்தாளிட்டு, தூசியிலிருந்து ஒவ்வோர் எழுத்தாய்ப் பொறுக்கித் தன் பாவாடையில் சேர்த்தாள்.

“மாடு மேய்க்கிறவனுக்கு உவ்வளவு துவக்கோ!” என்றார் பக்கத்து வீட்டு வாழைக்குலை வியாபாரி.

“சும்மா இரும் காணும். பிள்ளை சொல்லட்டும்,” என்று அவர் மனைவி அடக்கினார்.

பத்திராதிபர் தொப்பியைக் கழற்றினார். படிக்கட்டில் நின்று, கூடியிருந்த மக்களை நோக்கி நெடுநேரம் பேசினார். மேடை, மக்கள், மௌனம்! இத்தகைய தருணத்தில் ஒருவன் என்ன பேசுவான் என்பது எனக்குத் தெரியாதா?

“ஊரவரே! எழுத்தை மண்ணில் கொட்டினார்கள். மண்ணில் விழுந்தது முளைக்கும் என்பதை மறந்தார்கள்! நாளை விடியட்டும், உங்கள் வாசல்தோறும் என் பத்திரிகை கிடக்கும்!” என்று முழங்கினேன்.

கைதட்டல் எழுந்தது. ஆனால் பெட்டிக்குள் அம்மனிதர், நான் சொன்னதற்கு மாறாக, அச்சுக்கூடத்தைப் பூட்டினார். திறப்பை ஒரு கிழவரின் கையில் வைத்தார். மனைவியையும் பயணப் பெட்டியையும் குதிரை வண்டியில் ஏற்றினார். மறுகணமே உண்மை துலங்கியது.

“கடதாசி தீர்ந்துவிட்டது! அடுத்த ஊருக்குக் கடதாசி எடுக்கச் செல்கிறார்!”

கோடிட்ட தாளில் செய்தி படித்துப் பழகிய அவையில் இதற்கு மறுப்பு ஏது?

“அங்கையும் தட்டுப்பாடு,” என்று பெருமூச்சு விட்டார் வியாபாரி.

“அதுக்கு ஏன் பெண்சாதியையும் கூட்டிக்கொண்டு போறான்?” என்று கேட்டார் அவர் மனைவி.

“கடதாசிக் கட்டைத் தூக்க ஆள் வேண்டாமே?”

அறை சிரித்தது. சின்னம்மா எழுந்து நின்றார். பச்சை ஒளியில் அவர் முகம் எனக்குத் தெளிவாகத் தெரியவில்லை.

“உவள் சொல்லுறது பிழை. முழுப் பிழை.” பிறகு சித்தப்பாவின் பக்கம் திரும்பினார். “இஞ்சாருங்கோ, உங்களுக்கு இங்கிலீசு விளங்கும்தானே. அவன் என்ன சொன்னவன்? நீங்களே சொல்லுங்கோ.”

எல்லாத் தலைகளும் திரும்பின. சித்தப்பா பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். அதிலே வண்டி ஒரு பூச்சியளவாகி, புள்ளியாகி, மணலோடு மணலாகிக்கொண்டிருந்தது. அது முற்றாக மறைந்தபின் திரும்பினார்.

“பிள்ளை சொன்னதுதான். கடதாசி எடுக்கத்தான் போறான்,” என்றார்.

சின்னம்மா அவரை நெடுநேரம் பார்த்தார். பின் குசினி அடுப்படிக்குப் போய்விட்டார். வாதத்தில் தோற்றவர்கள் அவையை விட்டு வெளியேறுவது வழமை என்பதால், நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆங்கிலம் கற்ற ஒருவரே என் கட்சிக்குத் தீர்ப்பளித்துவிட்டார்! அன்று மாலை முழுவதும் தரையில் கால் படாமல் திரிந்தேன்.

மறுநாள் காலை சித்தப்பா நீளக் காற்சட்டை அணிந்து, சைக்கிளுக்குக் காற்றடித்தார். சின்னம்மா வாழையிலையில் கட்டிய சோற்றைக் கொடுத்தார். அவரது சேட்டின் கழுத்துப்பட்டியை மடித்துச் சரிசெய்தார். சைக்கிள் நகரத்துப் பக்கமாய் ஒழுங்கையின் வழியே பனிப்புகாருக்குள் போயிற்று.

எஞ்சியிருந்த ஒரே வாக்கையும் பெற்றுவிடும் நோக்கோடு நான் படலை வாசலில் நின்ற சின்னம்மாவின் அருகே போய் நின்றேன்.

“நேற்று என்ரை பேச்சு எப்பிடி, சின்னம்மா?”

“நல்லாயிருந்தது.” பிறகு கேட்டார்: “பிள்ளை, அவன் கடதாசி எடுத்துக்கொண்டு திரும்பி வந்தவனோ?”

“அதைப் படத்திலை காட்டேல்லை. ஆனால் வராமல் எங்கை போறது?”

ஐயத்துக்கு இடமில்லாத விடை. சொன்ன முறையும் எனக்கு நிறைவாகவே இருந்தது. விடை கிடைத்த பின்னும் சின்னம்மா ஏன் படலையை விட்டு அசையாமல், வெறும் பனிப்புகாரையே பார்த்துக்கொண்டு நிற்கிறார் என்பது மட்டும் எனக்கு விளங்கவில்லை.