பச்சைக்குப் பயப்படுகிறவள்

நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் கம்ப்யூட்டர் நிரலில் வேண்டுமென்றே ஒரு வரியை அழித்துவிட்டு, உள்ளங்கை வியர்வையைத் துடைத்தபடி திரையையே பார்க்கிறாள் கிலியக்கா. சிவப்பு விழ வேண்டும். விழுந்தால்தான் அவளுக்கு மூச்சு வரும். கெடுத்து வைத்த பிறகும் பச்சையே எரிந்தால் அன்று வீட்டுக்குக் கிளம்ப மாட்டாள்.

கம்ப்யூட்டருக்குள் எந்த வேலை முந்தி, எது பிந்தி, எதற்கு எவ்வளவு இடம் என்று பங்கிட்டுக் கொடுக்கும் மையப் பகுதிக்குக் கெர்னல் என்று பெயர். அது ஒழுங்காக இருக்கிறதா என்று தானாகவே ஓடிப் பார்த்துச் சொல்ல ஒரு பட்டாளம் சோதனைகள் உண்டு. சரியென்றால் பச்சை, தப்பென்றால் சிவப்பு. அந்தச் சோதனைகளை யாராவது மேம்படுத்தினால், அது உண்மையிலேயே மேம்பாடுதானா என்று பார்த்து ஒப்புதல் தருவது கிலியக்காவின் வேலை. காவல்காரனுக்குக் காவல். "நாயை வாங்கிக் கட்டிட்டா ஆச்சா? அது குரைக்குதான்னு ஒரு தடவை சுவரேறிக் குதிச்சுப் பாக்க வேணாமா?" என்பாள்.

வீட்டிலும் இதே கூத்துதான். வெளியே கிளம்பும்போது கதவைப் பூட்டாமலேயே ஒருமுறை இழுத்துப் பார்ப்பாள். பிறகு பூட்டிவிட்டு இழுப்பாள். "பூட்டாதப்ப திறக்குதுன்னு தெரிஞ்சாத்தானே, பூட்டினப்புறம் திறக்கலைங்கறதுக்கு அர்த்தம்?" கணவர் படிக்கட்டில் நின்றபடி தலையில் கைவைத்துக்கொள்வார். "திருடன்கூட நம்ம வாசல்ல இவ்வளவு நேரம் நிக்க மாட்டான்."

கிலி என்று அவளுக்குப் பெயர் வைத்தவன் பக்கத்து மேசைக்காரன் மீசை. வயதில் இளையவன் என்பதால் மரியாதைக்கு அக்காவையும் ஒட்டிவிட்டான்.

அவர்கள் எழுதும் கெர்னல், ஆஸ்பத்திரிக் கட்டிலருகே நின்று மருந்தைச் சொட்டுச் சொட்டாக நரம்பில் ஏற்றும் பம்புக்குள் போகிறது. நாத்தனாருக்கு வயிற்றில் ஆபரேஷன் நடந்தபோது தலைமாட்டில் அந்தப் பம்புதான் நின்றது. "உங்க ஆபீஸ் மிஷினாமே அண்ணி! அப்ப எனக்கென்ன கவலை?" என்று அவள் மயக்கம் தெளியாத குரலில் சொன்னாள். கிலியக்கா சிரித்து வைத்தாள். அன்று முழுக்கக் கட்டிலருகே உட்கார்ந்து சொட்டுகளை எண்ணினாள்.

நாத்தனார் நல்லபடியாக வீடு திரும்பிய பிறகுதான் மீசை அந்த மேம்பாட்டை அனுப்பினான். சோதனைகளில் ஒன்று எப்போதாவது காரணமில்லாமல் சிவக்கும். திரும்ப ஓடவிட்டால் பச்சையாகிவிடும். ஆபீஸே அதைச் சபித்துக்கொண்டிருந்தது. மீசை அதற்கு ஒரு வழி கண்டிருந்தான். சிவந்தால் சோதனை தானாகவே இன்னொரு முறை ஓடும். அதில் தேறினால் பச்சை காட்டும். இப்போது திரை முழுக்கப் பாசி படர்ந்த குளம்போலப் பச்சை.

"முதல் தடவை ஏன் சிவப்பு விழுந்துச்சு?" என்றாள் கிலியக்கா.

"அது டெஸ்ட்டோட கோளாறுக்கா. கெர்னல்ல ஒண்ணுமில்ல."

"யார் பாத்தா?"

மீசைக்கு முகம் சுருங்கியது. வாரக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டவன் அவன். மேனேஜர் எழுந்து வந்தார். "நாளைக்குப் பம்புங்க கிளம்பணும். எல்லாம் பச்சையாத்தானே இருக்கு? சரின்னு போட்டு விடுங்கம்மா."

மேனேஜரை மறுத்துப் பேசி அவளுக்குப் பழக்கமில்லை. வேலை போய்விடுமோ என்ற பயம் ஒரு பக்கம். வெறும் பயந்தாங்கொள்ளித்தனத்தால் ஒரு நல்லவனின் உழைப்பைக் கெடுக்கிறோமோ என்பது இன்னொரு பக்கம். இரண்டுக்கும் அப்பால், கட்டிலில் கிடந்த நாத்தனாரின் முகம்.

"முடியாது சார்," என்றாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை. இன்னொரு முறை சொன்னாள். "சாயங்காலம் வரைக்கும் குடுங்க."

மீசை சேர்த்த வரிகளை எடுத்துவிட்டு, பழைய சோதனையையே ஒரு பம்பில் ஏற்றி, மருந்துக்குப் பதில் தண்ணீர் நிரப்பி மேசைமேல் வைத்தாள். சோதனை முடிய முடிய மறுபடி ஓடும்படி செய்தாள். சொட்டு விழுந்துகொண்டே இருந்தது. மதியம் சாப்பிட அழைத்தார்கள், போகவில்லை. "அக்கா மிஷினுக்குத் தாலாட்டுப் பாடுறாங்க," என்று யாரோ சிரித்தார்கள். அவளுக்கும் சந்தேகம் வந்துவிட்டது. மன்னிப்புக் கேட்கும் வார்த்தைகளை மனதுக்குள் அடுக்கத் தொடங்கினாள்.

வெயில் ஜன்னலைவிட்டு இறங்கும் நேரம். குழாய் முனையில் ஒரு சொட்டு திரண்டது. விழவில்லை.

பம்பின் முகப்பில் விளக்கு பச்சையாகவே எரிந்தது. நின்றுபோனால் அலற வேண்டிய மணியும் அலறவில்லை. சோதனைத் திரையில் மட்டும் ஒற்றைச் சிவப்பு.

கிலியக்கா எதையும் தொடாமல் எழுந்து நின்றாள். "இங்க வாங்களேன்," என்றாள்.

காரணம் பிடிபட அதிக நேரம் ஆகவில்லை. கெர்னலுக்குள் இரண்டு வேலைகள், 'நீ முதலில் விடு, நான் பிறகு விடுகிறேன்' என்று ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நின்றுவிட்டன. மணியடிக்கிற வேலையும் அவற்றுக்குப் பின்னால் வரிசையில் மாட்டிக்கொண்டது. அபூர்வமாகத்தான் நடக்கும். ஆனால் நடக்கும்.

மேனேஜர் பம்பையும் கிலியக்காவையும் மாறி மாறிப் பார்த்தார். "எப்படிம்மா தெரிஞ்சது?"

"தெரியாது சார். பயமா இருந்துச்சு."

அவர் போனை எடுத்து, ஒரு பம்பையும் லாரியில் ஏற்ற வேண்டாம் என்று கிடங்குக்குச் சொல்லிக்கொண்டே நடந்தார். மற்றவர்களும் கலைந்தார்கள்.

மீசை மட்டும் அசையவில்லை. விழாத அந்தச் சொட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். "நான் இதை அனுப்பியிருப்பேனேக்கா," என்றான். "இனி இந்த டெஸ்ட் பக்கமே நான் வரல. நீங்களே எழுதிடுங்க."

கிலியக்கா ஒரு நாற்காலியை இழுத்துத் தன் பக்கத்தில் போட்டாள். அவன் தயங்கித் தயங்கி வந்து உட்கார்ந்ததும், தன் கீபோர்டை இரண்டு கையாலும் அவன் பக்கம் நகர்த்தி வைத்தாள்.