ரிஜெக்ட் காசு

ஊர் முழுக்க ஷூ தைத்துக் கப்பலேற்றிக்கொண்டிருந்த ஆம்பூரில் எனக்கு ஒரு ஜோடி ஷூ கிடையாது. இதைச் சொன்னால் இப்போதும் எனக்குக் கோபம் வரும். எண்பதுகளின் தொடக்கம், நான் ஏழாம் வகுப்பு. நானூறு மீட்டர் ஓட்டத்தில் எங்கள் பள்ளிக்கூடத்தில் என்னை ஜெயிக்க ஆள் இல்லை. வெறுங்காலோடுதான் ஓடினேன். ஆனால் வேலூரில் நடக்கும் போட்டிக்கு வெறுங்காலோடு கூட்டிப்போக முடியாது என்று விளையாட்டு டீச்சர் சொல்லிவிட்டார். வெள்ளை கேன்வாஸ் ஷூ, பஸ் செலவு, சாப்பாடு எல்லாம் சேர்த்து அறுபது ரூபாய். திங்கட்கிழமைக்குள் கட்டவில்லையென்றால் எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி எனக்குப் பதிலாகப் போவாள். அவள் ஓடினால் தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடுவது மாதிரி இருக்கும்.

அப்பாவுக்கு டேனரியில் கிளேசிங் மிஷினில் வேலை. பதம் செய்த தோலைக் கண்ணாடி உருளையால் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்குகிற மிஷின் அது. நாளெல்லாம் பளபளப்பு பண்ணியும் மாதக் கடைசியில் அவர் சட்டைப்பையில் ஒன்றும் மினுங்காது. கையை விரித்துவிட்டார்.

என்னிடம் ஒரு பாட்டில் நிறையப் பழைய காசு இருந்தது. நான்கு வருடம் சேர்த்தது. கேட்டு வாங்கியதைவிடப் பிடுங்கி வாங்கியதுதான் அதிகம். ஹஜ்ஜுக்குப் போய் வந்த பக்கத்து வீட்டு பாய் கொடுத்த அரபுக் காசு, ராஜா தலை போட்ட அணாக் காசு, மளிகைக் கடைக்காரர் தலையில் அடித்துக்கொண்டு தூக்கிப்போட்ட செல்லாத காசு, பாலாற்று மணலில் ஊற்றுத் தோண்டும்போது கிடைத்த, பச்சை படிந்த ஒரு செப்புக் காசு. மொத்தம் நாற்பத்தைந்து. அதை விற்றுவிடுகிறேன் என்று நானே சொன்னேன். சொல்லிவிட்டு அழுதேன், அது வேறு.

வேலூரில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்த அத்தை ஆள் பிடித்துக் கொடுத்தார். அந்த ஆஸ்பத்திரியில் குமாஸ்தாவாக இருந்த ஒருவர், வேலூரை ஒட்டிய சத்துவாச்சாரிக்காரர், பழைய காசு என்றால் உயிரை விடுவாராம். ஞாயிற்றுக்கிழமை வந்து பார்ப்பதாகச் சொல்லியனுப்பினார்.

சனிக்கிழமை சாயங்காலம் அப்பா பாட்டிலைக் கூடத்தில் கவிழ்த்தார். பெரியப்பாவும் வந்துவிட்டார். அவர் தோல் மண்டியில் தரகர். ஆட்டுத்தோலுக்கு விலை பேசுகிறவருக்குக் காசுக்கு விலை பேசத் தெரியாதா என்பது அவர் கட்சி. இரண்டு பேரும் சம்மணம் போட்டு உட்கார்ந்து, தோல் பிரிப்பது போலவே காசுகளைப் பிரித்தார்கள். ஒவ்வொன்றையும் கட்டைவிரலால் தடவி, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, ஃபர்ஸ்ட், செகண்ட், தேர்ட் என்று தனித்தனியாக வீசினார்கள். நடுவில் ஓட்டை போட்ட பழைய காலணா ஐந்து இருந்தன. தோலில் ஓட்டை விழுந்தால் என்ன மரியாதையோ அதே மரியாதைதான் அவற்றுக்கும். ரிஜெக்ட். அச்சு நழுவி, சிங்கம் பாதி வெளியே போய்விட்ட ஒரு பத்து பைசா இருந்தது. ரிஜெக்ட். பாலாற்றுக் காசைப் பெரியப்பா மோந்துகூடப் பார்த்தார். பூசணம் பிடித்த தோல் கணக்காக இருக்கிறதாம். அதுவும் ரிஜெக்ட்.

மீதி முப்பத்தெட்டையும் ஃபினிஷ் பண்ண வேண்டும் என்றார் அப்பா.

"ஃபினிஷிங் இல்லாத சரக்கை எவன் வாங்குவான்? பளபளன்னு இருந்தாத்தான் ஜாஸ்தி கேக்க முடியும்."

அம்மா புளி கரைத்தார். நான் சாம்பல் அள்ளி வந்தேன். பெரியப்பா தேங்காய் நாரால் தேய்த்தார், அப்பா டேனரியிலிருந்து கொண்டுவந்த தோல் துண்டால் துடைத்துத் துடைத்து மெருகேற்றினார். அன்று எங்கள் வீடு கல்யாண வீடு மாதிரி இருந்தது. எந்தக் காசுக்கு எவ்வளவு கேட்பது என்று ஆளுக்கொரு விலை சொன்னோம். விலை ஏற ஏற அம்மா காபியில் சர்க்கரையை ஏற்றினார். கடைசியில் பெரியப்பா முந்நூறு ரூபாயில் நின்றார். அறுபது போக மிச்சத்தில் நான் ஆளுக்கு ஒரு சட்டை எடுத்துக் கொடுத்துவிட்டேன், மனசுக்குள்.

ஞாயிறு மத்தியானம் சத்துவாச்சாரிக்காரர் வந்தார். ஒல்லியான ஆள், தோளில் துணிப்பை. பைக்குள் ஒரு பூதக்கண்ணாடி, விலைப் பட்டியல் போட்ட ஒரு புத்தகம். அவர் நாற்காலியில் சரியாக உட்காருவதற்குள் பெரியப்பா அவருடைய வலது கையைப் பிடித்து, மேலே தன் துண்டைப் போட்டு மூடினார். மண்டியில் அப்படித்தான். விலையை வாயால் சொல்ல மாட்டார்கள், துண்டுக்குக் கீழே விரலைப் பிடித்துக் காட்டுவார்கள். பாவம், அந்த மனிதருக்கு அது எங்கே தெரியும்? முகம் சிவந்துபோய், கையை உருவவும் முடியாமல் அப்பாவைப் பார்த்தார்.

"வெலைய வாயால சொன்னா தெருவே கேக்கும் சார். வெரல்ல சொல்லு," என்றார் பெரியப்பா.

"கைய விடுங்க ஐயா. தெருவே கேக்கட்டும், ஒண்ணும் தப்பில்ல."

பெரியப்பாவுக்கு இது பெரிய அவமானம். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

அப்பா தட்டில் முப்பத்தெட்டுக் காசையும் கொண்டுவந்து வைத்தார். தட்டு ஜொலித்தது. சத்துவாச்சாரிக்காரரின் முகம்தான் அணைந்துபோனது. ஒன்றை எடுத்துப் பார்த்தார், வைத்தார். இன்னொன்றை எடுத்தார், வைத்தார்.

"தேச்சீங்களா?"

"விடிய விடியத் தேச்சோம்," என்றார் அப்பா பெருமையாக. எட்டு மணிக்கெல்லாம் எல்லோரும் தூங்கிவிட்டோம்.

பழைய காசின் மேல் படிந்திருக்கிற நிறம்தான் அதற்கு மதிப்பு, அதைச் சுரண்டினால் பாதி விலைகூடப் போகாது என்று அவர் மெதுவாகச் சொன்னார். காரணமும் சொன்னார். உலகத்தில் அந்தக் காசு எத்தனை மிச்சம் இருக்கிறது, அது எந்த நிலைமையில் இருக்கிறது, எத்தனை பேர் அதைத் தேடுகிறார்கள், இந்த மூன்றையும் வைத்துத்தான் விலை. எங்கள் புளிக்கும் சாம்பலுக்கும் அந்தக் கணக்கில் இடமே இல்லை. முப்பத்தெட்டுக்கும் சேர்த்துப் பன்னிரண்டு ரூபாய் தரலாம் என்றார்.

அப்பா தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நகக்கண்ணில் இன்னும் சாம்பல் இருந்தது. என் கண் முன்னால் எட்டாம் வகுப்புக்காரி குடத்தைத் தூக்கிக்கொண்டு வேலூரில் ஓடுவது தெரிந்தது.

"வேற எதனா இருக்கா பாப்பா? தேய்க்காதது?"

நான் உள்ளே போய், மூலையில் காகிதத்தில் சுருட்டிக் கிடந்த ஏழு காசையும் எடுத்துவந்து அவர் மடியில் கொட்டினேன். மரியாதையாகக் கொடுத்தேன் என்று பொய் சொல்ல மாட்டேன்.

"இதெல்லாம் ரிஜெக்ட். ஓணும்னா சும்மா எடுத்துட்டுப் போங்க."

"எடுத்துக்க சார், எங்களுக்குக் குப்பைதான் கம்மியாவும்," என்றார் பெரியப்பாவும்.

அவர் பாலாற்றுக் காசைப் பூதக்கண்ணாடியில் பார்த்தார். நிறைய நேரம் பார்த்தார். பிறகு, குடிக்கத் தண்ணீர் வேண்டும் என்றார். அம்மா செம்பில் கொண்டுவந்து கொடுத்தார். காசை உள்ளங்கையில் மூடிக்கொண்டு, தெருவைப் பார்த்தபடியே கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்தார். இன்னொரு செம்பு கேட்டார். ஆம்பூர் வெயில் வேலூர்க்காரரையே வாட்டுகிறதே என்று அம்மா வருத்தப்பட்டார்.

செம்பைக் கீழே வைத்துவிட்டு, "இத சும்மா வாங்கக் கூடாதும்மா," என்றார்.

அது ஆற்காட்டு நவாப் காலத்துக் காசாம். புத்தகத்தைப் பிரித்து என் கையிலேயே கொடுத்து, விலையை உரக்கப் படிக்கச் சொன்னார். அறுபது என்று படித்தேன். இதன் ஓரம் தேய்ந்திருப்பதால் நாற்பத்தைந்து தருவேன், மெட்ராஸில் ஐந்து ரூபாய் கூடக் கிடைக்கலாம், ஆனால் பஸ்ஸுக்கே அதற்கு மேல் ஆகிவிடும் என்றார். சிங்கம் நழுவிய பத்து பைசாவுக்கு இருபது ரூபாய். அரசாங்கத்தின் கை தவறியது அபூர்வம், அதனால்தான் அந்த விலையாம். உடனே நான் ஓட்டைக் காலணாவைப் பிடித்துக்கொண்டேன்.

"அப்போ இதுலயும்தான் ஓட்டை. அதுக்கும் ஜாஸ்தி போடுங்க."

"அந்த ஓட்டைய அரசாங்கமே வேணும்னு போட்டது பாப்பா. லட்சக்கணக்குல போட்டது."

ஒரு காலணாவுக்கு ஒரு ரூபாய். எல்லாம் சேர்த்து எண்பத்திரண்டு ரூபாய். பெரியப்பா மறுபடி துண்டை எடுத்தார். நவாப் காசுக்கு நூறு கேட்க நினைத்திருக்கிறார். அம்மா பார்த்த பார்வையில் அதே துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். சத்துவாச்சாரிக்காரர் நோட்டுகளை எண்ணி என் கையில் வைத்தார். பையின் அடியில் சில்லறையைத் தடவி, வேலூர் பஸ் டிக்கெட்டுக்குத் தேறுமா என்று பார்த்துக்கொண்டு புறப்பட்டார்.

அவர் தெருமுனை திரும்பும்வரை பொறுத்திருந்தோம். அப்புறம் சிரித்தோம் பாருங்கள், பக்கத்து வீட்டு பாய் எட்டிப் பார்த்துவிட்டு அவரும் காரணம் தெரியாமல் சிரித்தார். ரிஜெக்டுக்கு எழுபது ரூபாய் கொடுக்கிற ஆள் இந்த உலகத்தில் உண்டா? சும்மா கொடுத்ததை வேண்டாம் என்று பணம் கொடுத்து வாங்கிப்போகிற ஏமாளி உண்டா? பெரியப்பா அவரைப் போலவே கண்ணைச் சுருக்கி, ஒரு வெங்காயத்தைப் பூதக்கண்ணாடியில் பார்ப்பது போல நடித்துக் காட்டினார். மிச்சம் இருபத்திரண்டு ரூபாயில் பிரியாணி வந்தது. அடுத்த வாரமே பெரியப்பா ஊரில் உள்ள செல்லாத காசையெல்லாம் சேர்க்க ஆரம்பித்தார். ஒன்றைக்கூடத் தேய்க்கவில்லை. ஒன்றுகூட விலைபோகவும் இல்லை.

வேலூரில் நான் இரண்டாவதாக வந்தேன். முதலாவது வந்தவளுக்கு என்னைவிட ஒரு முழம் நீளமான கால். அதற்கு நான் என்ன செய்ய முடியும்?

பிறகு நானும் வியாபாரத்துக்கு வந்தேன். ஷூ மேல்பாகம் தைத்துக் கொடுக்கிற சின்னப் பட்டறை. ஒரு நாள் குடியாத்தம் பக்கத்திலிருந்து ஒரு பையன் தோல் கொண்டுவந்தான். அப்பா இறந்துபோய்விட்டாராம், இருந்த சரக்கை விற்கிறானாம். அருமையான தோல். அவனுக்கு அதன் விலை தெரியவில்லை, அடிமாட்டு விலை சொன்னான். நான் தோலைத் தடவிக்கொண்டே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு தண்ணீர் கொண்டுவரச் சொன்னேன். மெதுவாகக் குடித்தேன். குடித்து முடித்துவிட்டு அவன் சொன்ன விலைக்கே வாங்கிக்கொண்டேன்.

சத்துவாச்சாரிக்காரருக்கு அன்றைக்குத் தாகமே இல்லை என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.