என்ன வேணும் என்று கேட்டவன்

அந்தமானில் எங்கள் ஹட் பே தீவில் என்னைவிடப் பெரிய கடை வைத்திருப்பவர்கள் உண்டு. ஆனால் ஆள் வந்து நிற்கும்போதே அவருக்கு என்ன வேண்டும் என்று சொல்லக்கூடியவன் நான் ஒருவன்தான். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் போதும் என்று வந்தவன். எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் குலை சுமந்தேன். தோட்ட வேலை நின்றதும் நாலு தகரத்தைக் கட்டிக் கடை போட்டேன். படித்த கம்பெனி ஆட்கள்கூட எந்த சோப்பு இங்கே ஓடும் என்று என்னைக் கேட்டுவிட்டுத்தான் சரக்கு ஏற்றுவார்கள்.

ஜனங்கள் தேவைக்கு மட்டும் வாங்குவதில்லை. இங்கே எல்லார் வீட்டுக்குப் பின்னாலும் தென்னை நிற்கிறது. தேங்காய் விழுந்து முளைத்துக் கிடக்கும். ஆனாலும் தலைக்குத் தடவ, மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வந்த பாட்டில் எண்ணெய்தான் வேண்டும். கடல் தாண்டி வந்த பொருளுக்கு ஒரு மரியாதை. அப்புறம் பயம். கப்பல் வராது என்று பேச்சு கிளம்பினால் போதும், வெங்காயம் தொடாதவனும் வெங்காயம் வாங்குவான். அப்போது பாதி காலியான ஒரு மூட்டையை மட்டும் கடை முன்னால் வைப்பேன். மற்றதெல்லாம் உள்ளே இருக்கும். நிறைய இருப்பது தெரிந்தால் நாளைக்கு வாங்கலாம் என்று போய்விடுவார்கள். இதை எனக்கு எவரும் சொல்லித் தரவில்லை.

இன்னொன்று என் மனைவி வழியாகத் தெரிந்தது. வீடு கடைக்குப் பின்னால்தான். எண்ணெய் தீர்ந்தால் உள்வழியாக வந்து ஒரு பாட்டிலை எடுத்துக்கொள்ளலாம். எடுக்க மாட்டாள். தெருப்பக்கம் சுற்றி வந்து, மேசைக்கு அந்தப் பக்கம் மற்றப் பெண்களோடு நிற்பாள். அவள் முறை வரும்போது நான் கேட்க வேண்டும்.

“என்னம்மா வேணும்?”

“எண்ணெ ஒண்ணு குடுங்க. பழைய ஸ்டாக்கை என் தலையில கட்டாதீங்க.”

பக்கத்தில் நிற்கும் பெங்காலி அக்கா சிரிப்பார். வீட்டில் யாருக்கு என்ன வேண்டும் என்று எல்லாரையும் கேட்கிறவள் அவள். அவளைக் கேட்கிற இடம் கடை ஒன்றுதான்.

போன மழைக்காலத்தில் அவள் இறந்துபோனாள். காரியம் முடிந்ததும் கடையைத் திறந்தேன். வியாபாரம் குறையவில்லை. முகத்தைப் பார்த்ததும் கை தானாகப் பொருளை எடுத்துவிடுகிறது. நான் அங்கே இருப்பதாகத்தான் தோன்றவில்லை.

போர்ட் பிளேயரில் இருக்கும் மகள் வந்தாள். கடையை எடுத்துக்கொள்ளப் பக்கத்துத் தெலுங்குக்காரர் தயாராக இருந்தார். திரும்பும் கப்பலில் என்னையும் கூட்டிப்போவது அவள் எண்ணம்.

“கப்பல் வர்றதுக்குள்ள ஒரு வார்த்த சொல்லுங்கப்பா. இருக்கீங்களா, வர்றீங்களா?”

எனக்கு இரண்டும் ஒன்றாகவே இருந்தது. பார்க்கலாம் என்றேன்.

கப்பல் வர வேண்டிய நாள் காலையில் காற்று மாறியது. ஜெட்டியிலிருந்து திரும்பிய ஆட்டோக்காரர் வண்டியை நிறுத்தாமலே, “அண்ணே, ஜஹாஸ் கேன்சல்” என்று கப்பல் வராத சேதியைச் சொல்லிப் போனார். கொஞ்ச நேரத்தில் கடை முன்னால் கூட்டம். பாதி மூட்டையை முன்னால் இழுத்து வைத்தேன். மகள் மேசைக்குப் பின்னால் நின்று எடுத்துக் கொடுத்தாள். பெங்காலி அக்கா மெழுகுவத்தி கேட்டார்.

“கரண்டுதான் இருக்கே ஆன்ட்டி?”

“போகும் மகளே. ஜஹாஸ் நஹி, டீசல் நஹி, லைட்டும் நஹி.”

கரண்டு ஆபீசில் டீசல் நிறைய இருப்பது அவருக்கும் தெரியும். இருந்தாலும் மெழுகுவத்தியைக் கட்டாக வாங்கிக்கொண்டார்.

மூட்டையைச் சரியாக வைக்க வெளியே வந்த என்னைக் கூட்டம் நெருக்கி மேசைக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தியது. என் மனைவி நிற்கும் இடம். மகள் நிமிராமலே கேட்டாள். அப்படியே என் குரல்.

“என்ன வேணும்?”

பிறகுதான் நிமிர்ந்தாள். நான் அலமாரித் தட்டுகளைப் பார்த்தேன். எல்லாம் நான் அடுக்கியவை. எதை எவர் எதற்காக வாங்குவார் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். எனக்கென்று ஒன்றும் நாக்கில் வரவில்லை.

“ஒண்ணும் வேணாம்மா.”

“அப்ப நகருங்க பெரியவரே, பின்னால ஆளு நிக்குது” என்றாள்.

பெங்காலி அக்கா சிரித்தார். என் மனைவிக்குச் சிரிக்கிற அதே சிரிப்பு. எனக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. நகர்ந்துகொண்டேன்.

கூட்டம் கலைந்த பிறகு மகளிடம், “அடுத்த கப்பலுக்கு எனக்கும் டிக்கெட் போடு” என்றேன்.

“நெசமாவா? வெங்காயம் வித்த வேகத்தப் பாத்தா, நீங்க எடத்த விட்டு அசைய மாட்டீங்கன்னு நெனச்சேன்.”

“அது கை பாட்டுக்கு விக்கும். எதுவுமே வேணாம்னு ஆனவன் இங்க ஒக்காந்து என்ன பண்றது.”

கடல் அடங்கிக் கப்பல் வந்தது. தெலுங்குக்காரரிடம் சாவியைக் கொடுப்பதற்கு முன், தட்டிலிருந்து ஒரு எண்ணெய் பாட்டிலை எடுத்துப் பையில் போட்டேன். என் தலையில் முடி போய் வெகுகாலம் ஆகிறது.

“போர்ட் பிளேயர்ல கெடைக்காதாப்பா?” என்றாள் மகள்.

“கெடைக்கும்” என்றேன்.