மாவுக்கட்டு போட்ட முதலீடு

செல்போனில் நான் பார்க்கப் பார்க்கத்தான் என் பணம் குறைகிறது என்று முதலில் நம்பினேன். அதனால் ஒரு வாரம் பார்க்காமல் இருந்தேன். எட்டாம் நாள் திறந்தால், என் உதவியே இல்லாமல் நன்றாகக் குறைந்திருந்தது.

மறைமலை நகர் தொழிற்சாலையில் விருப்ப ஓய்வு வாங்கியபோது வந்த தொகையில் பாதி வங்கி டெபாசிட்டிலும் மீதி மியூச்சுவல் ஃபண்டிலும் இருந்தது. நானும் மனைவியும் கடைசிவரை சாப்பிட வேண்டிய பணம். சந்தை சரிந்த அந்த மாதம் தாம்பரமே தண்ணீருக்கடியில் கிடப்பதுபோல இருந்தது எனக்கு. மின்சார ரயில்கள் ஓசையில்லாமல் மிதந்து போயின. விமானப்படைத் தளத்தின் சின்ன விமானங்கள் ஏறுவதாகவே தெரியவில்லை. எப்போது நிமிர்ந்து பார்த்தாலும் இறங்கிக்கொண்டிருந்தன.

"மிச்சம் இருக்கறதையாவது எடுத்துடலாம்னு பாக்கறேன்" என்றேன் மனைவியிடம்.

"பத்து வருஷம் தொடக்கூடாதுன்னு எனக்குப் பாடம் எடுத்தது யாரு?"

"அப்ப ஏறிட்டிருந்துச்சு."

"ஏறும்போது நீங்க பெரிய வீரர்தான்." கீரை ஆய்வதை அவள் நிறுத்தவில்லை. "என்னமோ பண்ணுங்க. ரோட்டைப் பாத்துப் போங்க."

செல்போனிலேயே விற்கலாம்தான். தவறான பட்டனை அழுத்திப் பணம் வேறெவனுக்காவது போய்விட்டால்? அந்த ரிஸ்க் எனக்கு ஆகாது. கையெழுத்துப் போட்டு நேரில் கொடுப்பதே பத்திரம் என்று ஃபண்ட் அலுவலகத்துக்குக் கிளம்பினேன். மூன்று மணிக்குள் கொடுத்தால் அன்றைய விலை. ஜி.எஸ்.டி. சாலைக்கு வந்தபோது மணி இரண்டு ஐம்பது. நடைமேம்பாலம் ஏறினால் ஐந்து நிமிடம் வீண். நடுத் தடுப்பில் கம்பி வளைந்திருந்த சந்தில் உடம்பை நுழைத்து, மறுபக்கம் காலை வைத்தேன். ஒரு ஷேர் ஆட்டோ தோளை உரசியது. வலது கையை ஊன்றி விழுந்தேன்.

"இன்னா சார், மேல பாலம் கீது, தெர்ல?" ஓட்டுநர் என்னைத் தூக்கி உட்காரவைத்தார். "அப்டி இன்னா அவசரம்?"

"ரிஸ்க் வேணாம்னு பணத்தை எடுக்கப் போறேன்."

அவர் என் தலையைத்தான் முதலில் தடவிப் பார்த்தார்.

மணிக்கட்டு எலும்பு முறிவு. ஆறு வாரம் மாவுக்கட்டு. மறுவாரம் விற்பனைப் படிவத்தில் இடது கையால் கையெழுத்திட்டு மனைவியிடம் கொடுத்தனுப்பினேன். கையெழுத்து பொருந்தவில்லை என்று திருப்பிவிட்டார்கள்.

"கோழி கிளறினாப்ல இருக்குன்னு கவுன்ட்டர்ல இருந்த பொண்ணு சொல்லல. நான் சொல்றேன்" என்றாள்.

பிறகு வலி மாத்திரையின் மயக்கத்தில் மதியங்கள் கரைந்தன. ஜன்னல் திரை ஊதிப் பெருத்து, மெல்ல அடங்கும். ரயில் அறிவிப்பு எங்கோ கடலுக்குள்ளிருந்து வரும். கனவில் என் பணம் செங்கல்பட்டு வண்டியில் ஜன்னலோரம் உட்கார்ந்து கையசைத்தபடி போனது. துரத்தத் தோன்றவில்லை.

கட்டைப் பிரித்த வாரத்தில், ஃபண்ட் இழந்ததில் பெரும்பகுதியை மீட்டிருந்தது. நான் விற்கவில்லை. ஆஸ்பத்திரிச் செலவுக்காக வங்கி டெபாசிட் ஒன்றைத்தான் பாதியில் உடைக்க வேண்டியிருந்தது.