சவுரிராயன் வாங்கிவந்த இரும்பு மோட்டார்

சவுரிராயனுக்கு அந்தத் தண்ணீரைப் பார்த்தாலே குமட்டியது. பொம்மையார்பாளையத்துக் கடற்கரையில் ஆண்டோ நடத்துகிற விடுதியின் பின்பக்கம், இரும்புச் சட்டத்துக்குள் நீலத் தார்ப்பாயைத் தொட்டியாக நிறுத்தி, இடுப்புக்கு மேல் தண்ணீர் விட்டு வைத்திருந்தார்கள். தரைக்குமேல் நிற்கிற நீச்சல்குளமாம். சனி, ஞாயிறு வந்தால் சென்னையிலிருந்து இறங்குகிற கூட்டம் உடம்பெல்லாம் கிரீமைப் பூசிக்கொண்டு அதில் இறங்கும். திங்கட்கிழமை காலையில் மேலே ஒரு வழவழப்பு மிதக்கும், முடி மிதக்கும், யாரோ புண்ணில் ஒட்டியிருந்த பிளாஸ்திரி மிதக்கும். பத்தடியில் கடவுள் கொடுத்த கடல் கிடக்க, காசு கொடுத்து ஒருவர் அழுக்கில் இன்னொருவர் முங்கி எழுகிறார்களே, சீ, இதுவும் ஒரு சுகமா என்று நினைப்பான்.

நினைத்துவிட்டு விலகிப்போக முடியவில்லை. அந்தத் தொட்டியைச் சுத்தம் பண்ணுகிறவள் அவன் மனைவி இருதயமேரி. பிளீச்சிங் பவுடரை வாளியில் கையாலேயே கரைத்துக் கரைத்து அவள் விரல் இடுக்கெல்லாம் வெந்து போயிருந்தது. ரசம் பட்டால் எரிகிறது என்று சோற்றைக் கரண்டியால் சாப்பிட்டாள். எதிரில் உட்கார்ந்து அதைப் பார்த்துவிட்டு அவன் பாதிச் சோற்றில் எழுந்துவிடுவான்.

சவுரிராயன் கிளியனூரில் எரிந்துபோன மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிறவன். இருபத்தாறு வருஷத் தொழில். சுற்றுவட்டாரத்தில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலைக் கொல்லையிலோ நெல் வயலிலோ மோட்டார் நின்றுபோனால் முதலில் அவனைத்தான் கூப்பிடுவார்கள். குழாய் வாயிலிருந்து தண்ணீர் எவ்வளவு தூரம் போய் விழுகிறது என்று பார்த்தே மோட்டாரின் யோக்கியதையைச் சொல்லிவிடுவான்.

உப்பிலிருந்து தானாகக் குளோரின் எடுக்கிற மெஷின் ஒன்று உண்டு, அதை வைத்தால் பவுடரில் கை வைக்கவே வேண்டாம் என்று இருதயமேரிதான் பக்கத்து விடுதியில் கேட்டுக்கொண்டு வந்து சொன்னாள். சவுரிராயன் அங்கே போய் விசாரித்துவிட்டு ஆண்டோவிடம் பேசினான்.

“உப்புத் தண்ணிதானேண்ணே? கடல்லேர்ந்து ஹோஸ் போட்டு இழுத்துடலாமே” என்றான் ஆண்டோ.

“கடலு உப்ப அந்த மெஷினு தாங்காது தம்பி. நம்ம தொட்டிக்கு ஒரு மூட்ட உப்பு, மேல கொஞ்சம். அவ்ளோதான். விசாரிச்சிக்கினுதான் வந்திருக்கேன்.”

இந்த அறிவை வைத்துக்கொண்டு விடுதி வேறு நடத்துகிறான் என்று உள்ளுக்குள் காறித் துப்பிக்கொண்டான்.

வாங்கி வருகிற பொறுப்பை ஆண்டோ அவன் தலையிலேயே கட்டினான். சவுரிராயன் திண்டிவனத்தில் சீனுவாசனின் பம்ப் கடைக்குப் போனான். சீனுவாசன் உப்பு மெஷினை எடுத்து வைத்துவிட்டு, கூடவே தண்ணீரைச் சுற்றவிட அரை ஹெச்பி பம்ப் ஒன்றையும் மேசைமேல் வைத்தார். உடம்பு முழுக்க பிளாஸ்டிக். சவுரிராயன் அதை ஒற்றைக் கையால் தூக்கிப் பார்த்தான்.

“இன்னாங்க இது, கொழந்தங்க வெளயாடறதா?”

“குளத்துக்கு இதாங்க போடறாங்க. உப்புத் தண்ணின்றதால...”

“இத மாட்டனா ஊரே என்னப் பாத்து சிரிக்கும். தண்ணி பாய வாணாமா? அந்த இரும்பு மோட்டார எடுங்க, ஒன்ர ஹெச்பி.”

சீனுவாசன் இரும்பு மோட்டாரை இறக்கிவைத்து பில் போட்டார். மெக்கானிக்குக்குத் தெரியாததா என்று விட்டிருப்பார்.

இரும்பு மோட்டார் கம்பீரமாக ஓடியது. தண்ணீர் பீய்ச்சி அடிப்பதை ஆண்டோ செல்போனில் படம் பிடித்தான். இருதயமேரியின் விரல்கள் பத்து நாளில் ஆறின. கையால் பிசைந்து சாப்பிட்டாள். சவுரிராயனும் அந்த நாட்களில் வயிறாரச் சாப்பிட்டான்.

மூன்றாவது வாரம் தொட்டித் தண்ணீர் செம்மண் குட்டை மாதிரி ஆகிவிட்டது. ஆண்டோ போன் போட்டு வரச் சொன்னான். விடுதியின் வெள்ளைத் துண்டுகள் பழுப்புக் கறையோடு கொடியில் தொங்கின. சவுரிராயன் மோட்டார் பக்கத்தில் குந்தி மூடியைக் கழற்றி உள்ளே விரலை விட்டான். கொழகொழவென்று துரு வந்தது. உப்பு இரும்பைத் தின்றிருந்தது. பம்பை ஏன் பிளாஸ்டிக்கில் செய்கிறார்கள் என்று அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. கடற்கரையில் ஒரு ஜன்னல் கம்பி எத்தனை நாள் தாங்கும் என்று சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

அவனுக்குப் பின்னால் ஆண்டோ இருதயமேரியிடம் பேசிக்கொண்டிருந்தான்.

“இன்னாக்கா போட்டுத் தேச்சீங்க? மண்ணுக் காலோட எறங்க வுட்டீங்களா? ரெண்டு பார்ட்டி ரூம காலி பண்ணிக்கினு போய்ட்டாங்க. வேல பாக்க முடியலன்னா சொல்லிடுங்க, வேற ஆளு வெச்சிக்கறேன். மறுபடியும் பவுடரே போடுங்க.”

“நான் ஒண்ணும் பண்லியே தம்பி. எப்பவும் போலத்தான் பண்ணேன்.”

சவுரிராயன் குந்தினபடியே இருந்தான். வாயைத் திறந்தால் இருபத்தாறு வருஷப் பேர் போய்விடும். ஆண்டோ இன்னும் திட்டினான். இருதயமேரி வாளியை எடுத்தாள், பவுடரைக் கொட்டினாள், கையை உள்ளே விட்டுக் கலக்கினாள். அவனுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. இந்த முறை தண்ணீரைப் பார்த்து வரவில்லை, தன்னைப் பார்த்துத்தான் வந்தது. அப்புறம்தான் எழுந்தான்.

“அவ மேல தப்பில்ல தம்பி. நான்தான் மோட்டார தப்பா வாங்கியாந்துட்டேன். கடக்காரரு சொல்ல வந்தாரு, நான் கேக்கல. நாளிக்கே மாத்திடறேன்.”

“அப்படியாண்ணே? சரி, ஜல்தியா மாத்திடுங்க” என்று சொல்லிவிட்டு ஆண்டோ உள்ளே போனான். அவ்வளவுதான். போய்விடும் என்று அவன் பயந்த பேர் எங்கேயும் போகவில்லை.

இருதயமேரி குழாயடியில் கையைக் கழுவினாள். அவன் பக்கத்தில் போய் நின்றான்.

“எரியுதா?”

“மோட்டாரு தப்பாப் போனா போவுது, ஆருக்குத்தான் தப்பு வராது” என்றாள் அவள், தலையைத் தூக்காமல். “அந்தத் தம்பி என்னப் பேசிக்கினு இருந்தப்பவே உனக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, வாசலில் நின்ற அவன் பைக்கைத் தாண்டி, பஸ் ஸ்டாப்புக்கு நடந்தாள்.