கைப்பிடியை எதிர்ப்பக்கம் சுற்றிய பிள்ளை

1. முதல் நாள்

ராஜபாளையத்தில் ஒரு ஸ்பின்னிங் மில்லில் இருபத்து நான்கு வருடம் ஃபிட்டராக இருந்தேன். அங்கே நான் பார்த்த வேலையை ஒரே வரியில் சொல்லிவிடலாம்: ஓடுகிற மெஷினில் யார் கையும் படாமல் பார்த்துக்கொண்டேன். பல்சக்கரம் இருக்கிற இடமெல்லாம் தகரத்தால் மூடுவேன், மூடிக்குப் பூட்டுப் போடுவேன், பூட்டுக்கு மேலே சிவப்புப் பெயிண்டில் ‘அபாயம்’ என்று எழுதுவேன். அப்படிப்பட்டவனைக் கொண்டுபோய், எல்லோரும் கை வைக்கட்டும் என்றே திறந்த இடத்தில் வேலைக்குப் போட்டார்கள்.

மில் முதலாளி குடும்பம் ஒரு பழைய பஞ்சு குடோனை வெள்ளையடித்து, பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கான அறிவியல் கூடமாக மாற்றியிருந்தது. எதையும் தொடலாம், இழுக்கலாம், சுற்றலாம். கப்பி கட்டிய நாற்காலியில் உட்கார்ந்து தன்னைத்தானே தூக்கிக்கொள்ளலாம். சாமான் பழுதானால் சரிசெய்வது என் பொறுப்பு. முதல் நாள் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஒரு பஸ் நிறையப் பிள்ளைகள் வந்து இறங்கின. பால்கோவா தின்ற கை, கழுவாத கை. போட்ட கூச்சலில் குடோன் கூரையே தனியே கழன்று போயிருக்கும். சாயங்காலம் பார்த்தால் நாலு சாமான் நின்றுபோய்க் கிடந்தது.

“அண்ணாச்சி, எப்பிடி இருந்துச்சு முதல் நாளு?” என்று மேனேஜர் சீனிவாசன் கேட்டார்.

“இதுக்கு மில்லுல நூல் நூக்குற ரிங் ஃப்ரேமே தேவல சார். அது பேசாது” என்றேன்.

இப்போது ஓய்வு பெற்று வீட்டில் இருக்கிறேன். வீடு அமைதியாக இருக்கிறது. அந்தக் கூச்சலை ஒரு நாள் திரும்பக் கேட்க முடியுமா என்று ஏங்குகிறேன். அன்றைக்கு யாராவது இப்படிச் சொல்லியிருந்தால் ஸ்பேனரை வீசியிருப்பேன்.

2. மிஸ்யூஸ்

கூடத்தில் நானே செய்த சாமான் ஒன்று உண்டு. கைப்பிடியைச் சுற்றினால் ஒரு சின்ன டைனமோ ஓடும், பல்பு எரியும், பக்கத்தில் ஒரு மீட்டரில் முள் நகரும். மீட்டர் மில் ஸ்டோரில் சும்மா கிடந்தது. அதில் பூஜ்யம் நடுவில் இருக்கும். ஏன் நடுவில் இருக்கிறது என்று நான் யோசித்ததே இல்லை.

மில்லில் ஒரு மெஷின் தப்பித் தவறி ரிவர்ஸில் போனால் நூல் சிக்கிப் பாழாகும். அந்தப் பயம் எலும்பு வரை ஊறியிருந்தது. அதனால் இந்தக் கைப்பிடிக்கும் ஒரு ராட்செட் வைத்தேன். அதாவது, வலப்பக்கம் சுற்றினால் சுற்றும். இடப்பக்கம் சுற்றினால் உள்ளே ஒரு இரும்பு நாக்கு வந்து தடுத்துவிடும். மேலே பெரிய அம்புக்குறியும் வரைந்தேன். பிள்ளைகளா கேட்கும்? இடப்பக்கமாக முறுக்கி முறுக்கி அந்த நாக்கை உடைத்தன. புதிது போட்டேன். அதையும் உடைத்தன.

“ஏலே, அம்பு போட்டிருக்கேன்ல? கண்ண எங்க வச்சிட்டு வந்த?” என்று கத்துவேன். ஓடிவிடுவார்கள்.

மில் வழக்கப்படி ஒரு பிரேக்டவுன் ரிஜிஸ்டர் வைத்திருந்தேன். எது நின்றது, என்ன காரணம் என்று அதில் எழுத வேண்டும். இங்கே எழுதப்படாத ஒரு சட்டத்தை இளைய ஃபிட்டர்களுக்குச் சொல்கிறேன், உங்களுக்கே தெரிந்திருக்கும். எந்த ஃபிட்டரும் தன் தப்பு என்று ரிஜிஸ்டரில் எழுதுவதில்லை. ஒன்று ‘தேய்மானம்’, இல்லாவிட்டால் ‘ஆப்பரேட்டர் மிஸ்யூஸ்’. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், அந்தக் கதைதான். நானும் அழகான கையெழுத்தில், பதினேழு தடவை ‘மிஸ்யூஸ்’ என்று எழுதி வைத்திருந்தேன்.

3. பேச்சியம்மாள்

பதினேழாவது தடவை உடைத்தது சுந்தரபாண்டியத்திலிருந்து வந்த எட்டாம் வகுப்புப் பிள்ளை, பேர் பேச்சியம்மாள். டக் என்று சத்தம் கேட்டு ஓடினேன். கூட நின்றதெல்லாம் சிட்டாய்ப் பறந்துவிட்டது. இவள் மட்டும் கைப்பிடியைப் பிடித்தபடி நின்றாள்.

“நாந்தான் சார் உடைச்சேன்.”

“அம்பு தெரியலையா?”

“தெரிஞ்சுச்சு சார். அந்தப் பக்கம் சுத்துனா எரியுது. இந்தப் பக்கம் சுத்துனாலும் எரியுமான்னு பாத்தேன்.”

“எரியாது” என்றேன்.

“ஏன் சார்?”

ஏன் என்று எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. “எரியாதுன்னா எரியாது, போ அங்கிட்டு” என்று விரட்டினேன்.

சத்தம் கேட்டு மேனேஜர் வந்தார். ரிஜிஸ்டரை வாங்கிப் புரட்டினார். “அண்ணாச்சி, நீங்க எழுதுனது போதும். திங்கக்கிழமை மில்லு சேர்மன் ஐயா வாராக. இதக் காட்டி எல்லாத்தையும் கண்ணாடிக்குள்ள வச்சுப் பூட்டிருவோம். வெளிய ஒரு பட்டன் இருந்தா போதும். இந்தப் பள்ளிக்கூடத்த இனிமே கூப்பிடவும் வேண்டாம்” என்றார்.

எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். பூட்டு என்றால் எனக்கு அப்படி ஒரு பிரியம்.

பிள்ளைகளோடு வந்திருந்த ஜெசிந்தா டீச்சர் முகம் செத்துப்போயிற்று. “சார், எங்க பள்ளிக்கூடத்துல லேப்புன்னு இருக்கது ஒரே ஒரு பீரோ. அதுக்கும் சாவியக் காணோம். வருசத்துக்கு இந்த ஒரு நாள்தான் பிள்ளைக எதையாவது கையில தொடுதுக. இதையும் அடைச்சிராதீக” என்றார். மேனேஜர் ரிஜிஸ்டரைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போய்விட்டார்.

டீச்சர் அந்தப் பிள்ளையைப் பிடித்து என் முன்னால் நிறுத்தி, “சாரிட்ட மன்னிப்புக் கேளுட்டி” என்றார். கேட்டது. கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. எல்லோரும் பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார்கள்.

4. சனிக்கிழமை

மறுநாள் சனிக்கிழமை. உடைந்த நாக்கைக் கழற்றிவிட்டுப் புதிது மாட்ட உட்கார்ந்தேன். மாட்டுவதற்கு முன்னால், என்ன தோன்றியதோ, கைப்பிடியை இடப்பக்கமாக ஒரு சுற்றுச் சுற்றினேன்.

பல்பு எரிந்தது.

மீட்டரைப் பார்த்தால் முள் எதிர்ப்பக்கம் போய் நிற்கிறது. மீட்டர் கெட்டுவிட்டது என்று முதலில் நினைத்தேன். வலப்பக்கம் சுற்றினேன், முள் வலப்பக்கம் வந்தது. இடப்பக்கம் சுற்றினேன், இடப்பக்கம் போனது. சுற்றுகிற பக்கத்தை மாற்றினால் கரண்ட் போகிற பக்கமும் மாறுகிறது! அட, இதற்காகத்தானா பூஜ்யத்தை நடுவில் வைத்திருக்கிறான்! ஆளில்லாத கூடத்தில் கைவலிக்கும் வரை மாற்றி மாற்றிச் சுற்றிக்கொண்டிருந்தேன். யாராவது பார்த்திருந்தால் அண்ணாச்சிக்கு மறை கழன்றுவிட்டது என்றிருப்பார்கள்.

பொறவு வெட்கம் வந்தது. அந்தச் சாமானில் பார்க்க வேண்டிய விஷயத்தையே நான்தான் இரும்பு வைத்து அடைத்திருக்கிறேன். பிள்ளைகள் மிஸ்யூஸ் பண்ணவில்லை. பதினேழு பிள்ளைகள் சரியான கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள், பதினேழு பேரையும் வைதிருக்கிறேன். இப்போது என் கையெழுத்தைக் காட்டித்தான் கூடத்தைப் பூட்டப் போகிறார்கள். சொந்தச் செலவில் சூனியம் வைப்பது என்பார்களே, அது இதுதான்.

5. திங்கட்கிழமை

சேர்மன் ஐயா ரிஜிஸ்டரை மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு வரிவரியாகப் படித்தார். “பதினேழு தடவையா? சீனிவாசன் சொல்றது சரிதான். கண்ணாடி போட்டுருங்க” என்றார்.

“ஐயா, அது மிஸ்யூஸ் இல்ல. நான் செஞ்சதுதான் தப்பு” என்றேன்.

மேனேஜர் மேஜைக்கு அடியில் என் காலை மிதித்தார். நான் நிறுத்தவில்லை. ராட்செட் வைத்ததை, அந்தப் பிள்ளை கேட்டதை, சனிக்கிழமை பார்த்ததை எல்லாம் சொன்னேன்.

“அப்பொறம் ஏன்யா மிஸ்யூஸுன்னு எழுதுன?”

“மில்லுல அப்பிடித்தான் எழுதுவோம் ஐயா.”

வாய் தவறி வந்துவிட்டது. அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். “அப்போ இம்புட்டு வருசமா மில்லு ரிஜிஸ்டர்ல நான் படிச்சதெல்லாம்?”

கேட்டுவிட்டு ரிஜிஸ்டரை மூடினார்.

பிறகு எழுந்து நேரே அந்தச் சாமானிடம் போனார். இடப்பக்கம் சுற்றினார். வலப்பக்கம் சுற்றினார். மறுபடியும் இடப்பக்கம். எழுபது வயது மனுஷன், முள்ளை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. “கண்ணாடி வேண்டாம். அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போனப் போட்டு வரச் சொல்லு” என்றார்.

எனக்கு ஒரு மெமோ வந்தது. மில்லில் எல்லா ரிஜிஸ்டரையும் தோண்ட ஆரம்பித்ததில், கூட வேலை பார்த்த ஃபிட்டர்கள் ஒரு வருடம் என்னோடு முகங்கொடுத்துப் பேசவில்லை. டீக்கடையில் நான் போனால் எழுந்து போவார்கள். வலித்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன்.

6. கற்றது

அடுத்த மாதம் சுந்தரபாண்டியம் பிள்ளைகள் திரும்ப வந்தார்கள். பேச்சியம்மாளைத் தேடிப் பிடித்தேன். அம்பும் இல்லை, ராட்செட்டும் இல்லை. “இந்தா, இப்ப ரெண்டு பக்கமும் சுத்து. எரியும். அன்னைக்கு நான் தெரியாமச் சொல்லிட்டேன் தாயி” என்றேன்.

“தெரியும் சார்” என்றாள்.

“எப்பிடித் தெரியும்?”

“வீட்டுக்குப் போயி எங்கண்ணன் சைக்கிள கவுத்திப் போட்டேன். டைனமோ இருக்குல்ல, வீல பின்னால சுத்துனேன். எரிஞ்சுச்சு. அண்ணன் அடிச்சான்.” சொல்லிவிட்டுக் கைப்பிடியைப் பிடித்தாள். முள் பக்கம் மாறியதைப் பார்த்ததும் “ஏட்டி, இங்க வாங்கட்டி!” என்று அவள் போட்ட கூப்பாட்டில் கூடமே அங்கே கூடிவிட்டது.

அவள் இப்போது பெங்களூரில் ஒரு ஆராய்ச்சிக் கூடத்தில் மோட்டார்களைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறாள். போன வருடம் ஜெசிந்தா டீச்சர் சொல்லித்தான் தெரியும். ஊரில் சிலபேர், “அண்ணாச்சி கூடத்துல படிச்ச பிள்ளைல்ல” என்று எனக்கும் ஒரு மாலை போடப் பார்க்கிறார்கள். இப்படிப்பட்ட இடங்களில் வேலைக்குச் சேருகிற தம்பிமாருக்கும் தங்கச்சிமாருக்கும் நான் சொல்வது ஒன்றுதான். ஒரு பிள்ளை உடைத்தால், என்ன பார்க்க நினைத்தாய் என்று முதலில் கேளுங்கள். ரிஜிஸ்டரைப் பிறகு எடுக்கலாம். எனக்கு மாலை எல்லாம் வேண்டாம். அந்தப் பிள்ளைக்கு என் வாயால் நான் கற்றுக்கொடுத்தது ‘எரியாது’ என்ற ஒரே பதிலைத்தான். நல்லவேளை, அவள் அதை நம்பவில்லை.